வேரில் ஒட்டிய சோறு

ஜூன் 2, திங்கள்

ரிடையர் ஆன பிறகு முதல் திங்கட்கிழமை. இது ஆபரேஷன் தியேட்டர் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த டைரி. பாதி வருடம் போன பிறகு டைரி கொடுக்கிற புத்திசாலிகளை என் சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறேன். போகட்டும், கொடுத்ததை வீணாக்கக் கூடாது, எழுதுகிறேன்.

காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்து, புடவை கட்டி, பின் குத்திக்கொண்ட பிறகுதான் போவதற்கு ஆஸ்பத்திரி இல்லை என்பது ஞாபகம் வந்தது. இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கட்டின புடவையை அவிழ்க்க மனம் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன்.

மாடி என் மருமகள் மோனிஷாவின் ராஜ்யம். வண்ண மீன் வளர்க்கிறாள். எங்கள் கொளத்தூர் தெருவில் இது புதிதில்லை, எதிர் வீட்டு மாடியிலும் தொட்டிகள்தான். நான் டியூட்டி டியூட்டி என்று ஓடியதில் ஒரு நாளும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்தேன். வரிசையாக பிளாஸ்டிக் டப்கள். எல்லாவற்றிலும் ஆகாயத்தாமரை மிதக்கிறது. மேலே பச்சை ரோஜா மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் தாடி தாடியாக வேர், அந்தத் தாடி முழுக்கப் பழுப்பும் பச்சையுமாக வழுவழுவென்று அழுக்கு. கண்றாவி. முப்பத்தைந்து வருடம் ஆபரேஷன் தியேட்டரை நடத்திய விஜயகுமாரி சிஸ்டர் வீட்டு மாடியில் இப்படி.

ஒரு டப்பை முடித்து இரண்டாவதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மோனிஷா தலையில் துண்டோடு ஓடி வந்தாள்.

"அத்தை, நீங்க எதுக்கு இதெல்லாம்..."

"இருக்கட்டும்மா. இனிமே எனக்கு என்ன வேலை? மாடிய நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் டப்பையே பார்த்தாள். "சரிங்க அத்தை" என்றாள்.

கல்யாணமாகி நான்கு வருடமாக இந்த ஒரு வார்த்தையை வைத்தே குடும்பம் நடத்துகிறாள். குழம்பில் உப்பில்லை என்றால் சரிங்க அத்தை, மழை வருகிறது என்றால் சரிங்க அத்தை. நல்ல பெண்தான். ஆனால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 4, புதன்

அற்புதம் ஒன்று பார்த்தேன். குராமி என்று ஒரு மீன், தேன் நிறம், சுண்டு விரல் நீளம். ஆண் மீன் வாயால் நுரை ஊதி ஊதி ஆகாயத்தாமரை இலைக்கு அடியில் ஒரு கூடு கட்டியிருக்கிறது. பெண் மீன் முட்டை போட்டுவிட்டு ஓரமாகப் போய்விட்டது. கீழே விழுகிற முட்டையை எல்லாம் அப்பன் வாயில் கவ்விக் கொண்டுபோய் நுரையில் ஒட்டுகிறான். பெண்டாட்டி கிட்டே வந்தால் துரத்துகிறான்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்க, ஆம்பளைதான் புள்ளைய பாத்துக்கறான்."

"நீ நைட் டியூட்டி போனப்ப விமலுக்கு யாரு பால் கலந்தா?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். 

மத்தியானம் ஒரு சமாசாரம் தெரிந்தது. என் பிள்ளை விமலுக்கு ஓசூருக்கு மாற்றல் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கலாம், ஜூலை கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்களாம். மோனிஷாவின் மீன் தொழில் நிலைத்துவிட்டால் இங்கே, இல்லையென்றால் ஓசூர். மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர், குராமிக் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

எனக்கென்ன, எங்கே இருந்தாலும் நன்றாக இருந்தால் சரி. சாயங்காலம் இன்னொரு தடவை போய் நுரைக்கூடு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

குஞ்சுகள் நீந்த ஆரம்பித்துவிட்டன! இரண்டு கண்ணும் ஒரு வாலும்தான், நடுவில் உடம்பு இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டும். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். உடம்பு கண்ணாடி மாதிரி, வயிறு வரைக்கும் உள்ளே தெரிகிறது. மோனிஷா அப்பன் மீனை வலையில் எடுத்து வேறு டப்பில் விட்டாள். இதற்கு மேல் அவன் இருந்தால் குஞ்சுகளையே தின்றுவிடுவானாம்.

பிறந்த குழந்தைகள் இருக்கிற இடம் எப்படி இருக்க வேண்டும்? இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகாயத்தாமரை அத்தனையையும் எடுத்து, கிருமி சாக பர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்து, ஒவ்வொரு வேரையும் பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசித் திரும்ப மிதக்கவிட்டேன். வேர் எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. பாதித் தண்ணீரையும் மாற்றினேன்.

"அத்தை, அந்த வேர்ல..." என்று ஆரம்பித்தாள் மோனிஷா.

"என்ன வேர்ல?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை."

சொல்ல வந்ததைச் சொல்லித் தொலைத்தால் என்ன இவளுக்கு?

ஜூன் 12, வியாழன்

ஒன்றுகூட இல்லை. நேற்று ஏழெட்டு மிதந்தன, இன்று டப் காலி.

தண்ணீர்தான் காரணம். குழாய்த் தண்ணீரில் குளோரின் அள்ளிக் கொட்டுகிறார்கள். இல்லாவிட்டால் வெயில். நான் டியூட்டியில் இருந்தபோது மோனிஷா இதே மாடியில் ஒரு பேட்ச் ஃபைட்டர் மீனை வளர்த்து விற்றாளாம். ஏதோ அதிர்ஷ்டம், அந்த அழுக்கிலும் பிழைத்திருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

ஓசூரில் ஜூன் மாதத்திலேயே குளிருமாம். விமலுக்குச் சளி பிடிக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

இன்னொரு ஜோடி கூடு கட்டி முட்டை போட்டிருக்கிறது. இந்த முறை கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர். கையில் கிளவுஸ். மாடிக்கு வருகிறவர்கள் செருப்பைக் கீழேயே விட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இவர் செருப்பை விட்டுவிட்டு வந்து, "தியேட்டருக்குள்ள வரலாமா சிஸ்டர்?" என்று வாசற்படியில் நிற்கிறார். நக்கல்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் மளிகைக் கடை. பிறகு அரிசி புடைத்தேன். பிறகு மாடி.

குஞ்சுகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற முறையை நானே ஏற்படுத்திவிட்டேன். முட்டையை வேக வைத்து, மஞ்சள் கருவை மட்டும் எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக விடுகிறேன். நாளுக்கு நான்கு வேளை. வேளை தவறுவதில்லை.

பூதக்கண்ணாடியில் இன்று வெகுநேரம் பார்த்தேன். ஒன்று புரியவில்லை. மஞ்சள் கரு பக்கத்திலேயே மிதந்து போகிறது, இதுகள் சீந்துவதில்லை. நேராக வேருக்குப் போகின்றன. வேரின் முன்னால் நின்று உடம்பை வளைத்து, பட்டென்று நிமிர்ந்து ஒரு கொத்து. பிறகு அடுத்த வேர். அங்கேயும் ஒரு கொத்து. நான் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிற வேர், அதில் என்ன இருக்கிறது கொத்துவதற்கு? முட்டாள் குஞ்சுகள். வயிறு கண்ணாடி மாதிரியே இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

மஞ்சள் கரு தண்ணீரைக் கெடுக்கிறது என்று வேரை இன்னும் ஒரு தடவை தேய்த்தேன்.

ஜூன் 25, புதன்

போய்விட்டன.

மோனிஷா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே வெகுநேரம் இருந்தாள். பக்கெட் எப்போதோ நிரம்பி வழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது. "தலைவலிங்க அத்தை" என்றாள். நான் நர்ஸ், எது தலைவலி எது இல்லை என்று எனக்குத் தெரியாதா? அவளுக்குப் பிடிக்குமே என்று சாயங்காலம் வாழைப்பூ வடை தட்டினேன். இரண்டு சாப்பிட்டாள். அதைத் தவிர இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 27, வெள்ளி

விமல் கம்ப்யூட்டரில் ஓசூர் வீடுகளின் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறை ஒரு ஆள் நிற்கிற அளவு. "நாங்க ரெண்டு பேர்தானேம்மா" என்றான்.  ஸ்டோர் ரூமை ஒழித்தேன். பிறகு பரணை ஒழித்தேன். பிறகு ஒழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

மூன்றாவது கூடு. இதுதான் கடைசி முயற்சி என்று மோனிஷா விமலிடம் சொன்னதாக இவர் சொன்னார். இதுவும் போனால் டப்களை எல்லாம் அவள் சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டு ஓசூர் கிளம்புகிறார்களாம்.

பார்க்கிறேன் ஒரு கை. இனி நாளுக்கு இரண்டு தடவை வேர் கழுவல். பர்மாங்கனேட் புதுப் பாட்டில் வாங்கி வந்தேன். நான் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இன்றைக்கு மீசை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். இந்தப் பொடி மீன்களா என்னை ஜெயிக்கப்போகின்றன?

ஜூலை 2, புதன்

திடீரென்று திருத்தணி போக வேண்டுமாம். என் நாத்தனார் மங்கையின் பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் விசேஷம் வைக்க முடியாது என்று இப்போதே. அது சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்கு வியாழக்கிழமையே எதற்குப் போக வேண்டும்? இவர் பிடிவாதமாக நிற்கிறார். தங்கச்சியைப் பார்த்து நாளாகிவிட்டதாம். தீபாவளிக்குக் கூப்பிட்டால் பஸ்ஸில் கூட்டம் என்று சொல்கிற மனுஷன் இவர்.

நான் முடியாது என்றேன். அப்போதுதான் மோனிஷா வாயைத் திறந்தாள். "நீங்க போகலன்னா நல்லா இருக்காதுங்க அத்தை. மங்கை அத்தை வருத்தப்படுவாங்க. மாடிய நான் பாத்துக்கறேன்." இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை, அந்த ஆச்சரியத்திலேயே ஒத்துக்கொண்டுவிட்டேன்.

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வேர் கழுவணும். பர்மாங்கனேட் கால் மூடி. மறந்துடாத."

"சரிங்க அத்தை."

ஜூலை 5, சனி, திருத்தணி

மங்கை வீட்டில் ஈ மொய்க்கிறது. நான் துடைக்கத் துடைக்க அவள் "விடுங்க அண்ணி, விருந்துக்கு வந்துட்டு" என்று கையைப் பிடிக்கிறாள். "அண்ணன் போன் பண்ணி, ஒரு வாரம் உங்க அண்ணிய கூட்டிட்டுப் போய் வெச்சிக்கன்னு சொன்னப்ப எனக்கு என்னமோ ஏதோன்னு ஆயிடுச்சி" என்றும் சொன்னாள். இவர் அவசரமாக எழுந்து போய் வெளியே எதையோ பார்த்தார். வயசானால் எல்லோருக்கும் பேச்சு தாறுமாறாகத்தான் வரும்.

போன் செய்தேன். "வேர் கழுவினியா?" என்றால் "எல்லாம் நல்லா இருக்குங்க அத்தை" என்கிறாள். கேட்டது ஒன்று, பதில் ஒன்று.

ஊருக்கு வெளியே ஒரு குட்டை. தண்ணீர் மேல் பாதிக்கு ஆகாயத்தாமரை, மீதிப் பாதிக்குப் பாசி. ஓரத்தில் நின்று பார்த்தேன். செடிக்கு அடியில் மீன் குஞ்சு நிழல் நிழலாக அலைகிறது, அத்தனையும் கொழுகொழுவென்று. எவ்வளவு அழுக்கான குட்டை. யார் கழுவுகிறார்கள் அங்கே?

ஜூலை 6, ஞாயிறு, திருத்தணி

காது குத்தினார்கள். பையன் அழுத அழுகையில் பந்தலே அதிர்ந்தது. ஊசியை நான் ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்தேன். பாயசத்தில் இனிப்பு திட்டமாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

வீடு. பையைக்கூட வைக்காமல் மாடி ஏறினேன்.

டப்பைப் பார்த்தேன். தண்ணீர் பச்சை. சுவரெல்லாம் பாசி. வேரில் பழைய தாடி திரும்ப வளர்ந்து, பழுப்பு அழுக்கு தொங்குகிறது. பர்மாங்கனேட் பாட்டில் வைத்த இடத்திலேயே, மூடிகூடத் திறக்காமல். இந்தப் பெண்ணை நம்பிப் போனேன் பார் என்று வாயில் வந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன்.

இருக்கின்றன. எத்தனை என்று தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் இருக்கின்றன. வேரின் முன்னால் வந்து நிற்கிறது ஒன்று. உடம்பை வளைக்கிறது. பட்டென்று நிமிர்ந்து அந்த அழுக்கில் ஒரு கொத்து. கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அந்த அழுக்கு அசைகிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரிகிறதும் தெரியாததுமாக என்னென்னவோ துள்ளுகின்றன. குஞ்சு இன்னொன்றைக் கொத்தியது. வயிற்றைப் பார்த்தேன். கண்ணாடி வயிற்றுக்குள் பழுப்பாக, பந்து மாதிரி உருண்டையாக, நிறைந்திருக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வேரில் இருந்தது அழுக்கு இல்லை. சோறு. இரண்டு பேட்ச் பிள்ளைகளின் தட்டையும் சோறு வைக்க வைக்க நானே பிடுங்கிக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.

மோனிஷா படியில் நின்றுகொண்டிருந்தாள். பாவி மகள், தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள்.  "பரவாயில்ல, வளந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

கீழே இவர் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

ஜூலை 9, புதன்

போட்ட கணக்கு சரியாகத்தான் வருகிறது. முதல் நாளே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. தன் பிழைப்பே தண்ணீரோடு போனாலும் போகட்டும், மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று இருந்திருக்கிறாள். என்னை ஊருக்கு அனுப்புவதற்கு மாமனாரைப் போய்ப் பிடித்தாளே தவிர, "கழுவாதீங்க" என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. நான் என்ன புலியா?

இவரிடம் கேட்டேன். "நான் என்ன புலியா?"

"சேச்சே" என்றார். 

ஜூலை 11, வெள்ளி

சும்மா இருக்க முடியவில்லை. கழுவக் கூடாது என்றால் வளர்க்கலாம் அல்லவா? அழுக்குதான் சாப்பாடு என்றால் அழுக்கை நானே தயார் செய்கிறேன். நான்கு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் முட்டைகோஸ் இலை, ஒன்றில் வாழைப்பழத் தோல், ஒன்றில் வைக்கோல், ஒன்றில் மூன்றும். சமையலறை ஜன்னலில் வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். மோனிஷாவுக்குச் சொல்லவில்லை, அசத்திக் காட்டப்போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

வீடு நாறுகிறது. விமல் ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று சோபாவை நகர்த்திப் பார்த்தான். நானும் கூட நின்று தேடினேன்.

பாட்டில் தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் உள்ளே திருவிழாக் கூட்டம். நாளைக்கு விருந்து.

ஜூலை 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பாட்டில்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒரு பாட்டில் ஊற்றினேன். குஞ்சுகள் இத்தனை இருக்கின்றனவே, ஒரு பாட்டில் எந்த மூலைக்கு? இரண்டாவதையும் ஊற்றினேன். மூன்றாவதையும். டப் முழுக்கப் பால் நிறமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் எல்லாம் வேரை விட்டுவிட்டு மேலே வந்தன. ஆசையாக வருகின்றன என்று நினைத்தேன். நான்காவது பாட்டிலைத் திறந்தேன்.

"அத்தை, கைய எடுங்க!"

அந்தக் குரல் மோனிஷாவுடையது என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. வந்து பாட்டிலைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றால் பிடுங்கினாள்.

"மூச்சு முட்டி மேல வருதுங்க. அதுங்க சாப்பிட வரல, சாகப் போகுதுங்க. யாரைக் கேட்டு இதை ஊத்துனீங்க? அன்னிக்கு தேச்சே ரெண்டு பேட்ச கொன்னீங்க, வாய மூடிட்டு இருந்தேன். இன்னிக்கு சோறு போட்டே கொல்றீங்களே. ஒரு வார்த்த என்னைக் கேக்க மாட்டீங்களா? இந்த வீட்ல எதுவுமே என்னைக் கேட்டு நடக்காதா?"

எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். என் சர்வீஸில் சர்ஜன்கள் தவிர யாரும் என்னைப் பார்த்துக் குரல் உயர்த்தியதில்லை. நான் நின்றேன். அவளுக்கும் நான்கு வருடத்துப் பேச்சு ஒரே மூச்சில் வந்துவிட்டதில் இரைத்தது. பிறகு என்னைத் தாண்டி டப்பைப் பார்த்தாள். கையை என் பக்கமாக நீட்டி, "டியூப்" என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு உடம்பில் கரண்ட் வந்துவிட்டது. சர்ஜன் கையை நீட்டினால் அடுத்த வினாடி கருவி அந்தக் கையில் இருக்கும், அது முப்பத்தைந்து வருடப் பழக்கம். டியூப்பை வைத்தேன். குஞ்சு உள்ளே போகாமல் நுனியில் துணி கட்ட வேண்டும் என்று அவள் சொல்வதற்குள் என் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். அவள் கெட்ட தண்ணீரை இழுக்க, நான் பக்கெட்டை மாற்ற, அவள் "பக்கத்து டப் தண்ணி" என்றால் நான் மொண்டு நிற்க, ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை.

"நல்ல தண்ணிய மெதுவா விடணும் அத்தை. மடார்னு ஊத்துனா தாங்காதுங்க."

கீழே ஓடி என் பழைய பையிலிருந்து டிரிப் செட் எடுத்து வந்தேன். பக்கெட்டைச் சுவர் மேல் வைத்து, டிரிப்பைத் தொங்கவிட்டு, சக்கரத்தைத் திருகினேன்.

"எவ்வளவு வேகமா விடட்டும்?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம். போதும். அங்கேயே நிறுத்துங்க."

நிறுத்தினேன். சொட்டு சரியாக விழுந்தது. இரண்டு பேரும் டப்பின் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். செத்தது செத்ததுதான், ஒரு கைப்பிடி மிதந்தது, அதை அவள் எடுத்துப் போட்டாள். வெயில் சாய்கிற நேரம் ஒரு குஞ்சு மேல்மட்டத்தை விட்டு வேருக்குப் போனது. உடம்பை வளைத்தது. கொத்தியது. பிறகு இன்னொன்று போனது.

"சாப்பிடுது" என்றாள் மோனிஷா. என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக்கை.

எனக்கு அழுகையாக வந்தது, அழுதேன். சந்தோஷத்தில்தான். மீனுக்காக என்று அவள் நினைத்திருப்பாள். திட்டினாளே என்றுதான் அழுதேன். என்னைத் திட்டலாம் என்று அவளுக்குத் தோன்ற நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

குஞ்சுகள் நலம். மிச்சமிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை மோனிஷா பறிமுதல் செய்துவிட்டாள். நாளுக்கு ஒரு ஸ்பூன், அதுவும் அவள் கையால். சாம்பாரில் புளி அதிகம் என்றும் சொன்னாள். அதிகம்தான்.

ஜூலை 16, புதன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது விமல் கேட்டான். "மோனி, ஓசூருக்கு என்ன எழுதிக் கொடுக்கட்டும்? இன்னும் நாள் இருக்கு. குட்டிங்க முழுசா தேறட்டும், பாத்துட்டு சொல்லலாம்."

"வரலன்னு எழுதிக் கொடுத்துடு" என்றாள் மோனிஷா.

"பொழைக்குமான்னே இன்னும் தெரியலையே."

"பொழைச்சாலும் சரி, பொழைக்கலன்னாலும் சரி. வரல."

இவர் ரசத்தைத் தட்டில் ஊற்றுவதற்குப் பதில் தண்ணீர் டம்ளரில் ஊற்றினார். நான் எழுந்து அப்பளம் எடுத்து வரப் போனேன். அப்பளம் மேசை மேலேயே இருந்தது.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். நான் கழுவ அவள் துடைத்தாள்.

"மீன் தொழில் நிக்கலன்னாதான் ஓசூர்னு எல்லாருகிட்டயும் சொன்னேன் அத்தை. மீனுக்காக இல்ல."

"தெரியும்" என்றேன்.

தெரியும்தான். ஓசூர் என்ற பேச்சு வந்த அன்றைக்கே தெரியும். யாரை விட்டுத் தள்ளிப் போகப் பார்க்கிறாள் என்று தெரியாமலா, குஞ்சு பிழைத்தால் நின்றுவிடுவாள் என்று அத்தனை வேரையும் அந்தத் தேய்ப்புத் தேய்த்தேன்? இந்த டைரியில்கூட அதை எழுதத் துணியவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

 கடைசித் தட்டைக் கொடுக்கும்போது, "நாளைக்கு மாடிக்கு வரலாமா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"வெயில் வேர்ல படட்டும், அப்பதான் நல்லா சாப்பிடுங்க. அந்த நேரம் வாங்க அத்தை. கைய மட்டும் பின்னாடி கட்டிக்கிட்டு வாங்க."

கட்டிக்கொண்டு போவேன்.